பட்டியலில் பெயர் இருக்கிறது, கணக்கு எங்கே?

மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களில் முன் அனுமதிக் கோப்புகளைப் பார்க்கும் மருத்துவ அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு என் பாலிசியில் இடமுண்டு என்று கடிதம் வந்தது. கூடவே நெட்வொர்க் மருத்துவர்களின் பட்டியலும் வந்தது. பெயர், பட்டம், மருத்துவமனை, தொலைபேசி எண், அவ்வளவுதான். ஒருவர் பெயர் குடலிறக்கத்திலும் இருந்தது, மூலத்திலும் பித்தப்பையிலும் இருந்தது, பேரியாட்ரிக் என்கிற எடை குறைப்பு அறுவையிலும் இருந்தது. பல வேலை தெரிந்திருப்பது குற்றமில்லை. ஆனால் இரைப்பையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவையை அவர் வாரத்துக்கு ஒன்று செய்கிறாரா, வருடத்துக்கு ஒன்றா? உங்கள் உதவி எண்ணில் கேட்டேன். "பட்டியல்ல இருக்கிற எல்லாருமே தகுதியானவங்கதான் மேடம்" என்று பதில் வந்தது. பாவம், அவர் முன்னால் இருந்த திரையிலும் அதற்கு மேல் எதுவும் இருந்திருக்காது.

தகுதி எல்லாருக்கும் இருக்கலாம், கை எல்லாருக்கும் ஒன்றல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 20 பேரியாட்ரிக் மருத்துவர்கள் தாங்கள் செய்த இரைப்பை பைபாஸ், அதாவது இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவையின் வீடியோவை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். செய்தவர் யாரென்று தெரியாமலேயே சக மருத்துவர்கள் அவற்றுக்கு மதிப்பெண் போட்டார்கள். முடிவு 2013இல் வெளிவந்தது. கைத்திறனில் கடைசிக் கால்பங்கில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்திருந்தது. முதல் கால்பங்கில் அது 5.2 சதவீதம். இத்தனைக்கும் இருபது பேருமே இதே துறையில் இருப்பவர்கள்.

அந்த மாதிரி வீடியோ எங்கள் கைக்கு வராது. உங்களிடம் கிளெய்ம் இருக்கிறது. நோயாளி எத்தனை நாள் படுக்கையில் இருந்தார், 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆனாரா, இரைப்பையை வெட்டி ஸ்டேப்ளர் போட்டு மூடிய இடத்தில் லீக் ஆகி இரண்டாவது அறுவை நடந்ததா, ஐசியூ பில் எவ்வளவு, எல்லாமே உங்கள் கணினி வழியாகத்தான் போகிறது. எந்த மருத்துவரிடம் போனவர்கள் அடிக்கடி திரும்பி வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் ஒரு மத்தியானத்தில் தெரிந்துகொள்ளலாம். கடினமான கேஸ்களை எடுப்பவருக்குச் சிக்கல் சற்றுக் கூடத்தான் இருக்கும். அதனால் வெறும் எண்ணை மட்டும் போடாதீர்கள், நோயாளிகளின் வயது, எடை, சர்க்கரை, இதய நோய் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் போடுங்கள். ஆனால் போடுங்கள்.

எங்களிடம் நீங்கள் கணக்குக் கேட்காமல் இருப்பதில்லையே! ஆறு மாதம் மேற்பார்வையில் டயட், மாதாமாதம் எடைச் சீட்டு, ஒரு மாதம் தவறினால் மறுபடி முதலிலிருந்து. காப்பீட்டுக்காக இப்படிக் காக்க வைப்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க பேரியாட்ரிக் மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது. அறுவைக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 40, கூடவே எடையால் வரும் நோய் இருந்தால் 35 என்பது 1991இல் போட்ட கோடு. 2022இல் அந்தச் சங்கமும் இந்தத் துறை மருத்துவர்களின் உலகச் சம்மேளனமும் சேர்ந்து, வேறு நோய் இல்லாவிட்டாலும் 35 போதும் என்று மாற்றிவிட்டன. பல பாலிசிகளில் பழைய கோடுதான் இன்னும் கிடக்கிறது. இந்தக் கெடுபிடியில் பாதியையாவது பட்டியலில் ஆளைச் சேர்க்கும்போது காட்டலாம்.

நானே சில மருத்துவர்களிடம் நேரில் கேட்டேன். "போன வருஷம் எத்தனை பண்ணீங்க, எத்தனை பேருக்கு லீக் ஆச்சு?" ஒருவர் முகம் சுளித்தார். இன்னொருவர் தயங்காமல் எண்ணைச் சொன்னார், பிறகு நான் கேட்காததையும் சொன்னார். லீக் ஆனால் முதலில் தெரிவது பெரும்பாலும் காய்ச்சலோ வலியோ இல்லையாம், நாடித்துடிப்பு 120ஐத் தாண்டுவதுதானாம். ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் பார்த்துப் பதறி அவரை எழுப்பத் தெரிந்த நர்ஸும், உடனே ஸ்கேன் எடுக்க ஆளும் அங்கே இருக்க வேண்டும். நெஞ்செரிச்சல் அதிகம் இருப்பவருக்கு ஸ்லீவைவிட பைபாஸ் பொருத்தம் என்பதையும் அவர்தான் விளக்கினார்.

அவர் பெயர் உங்கள் பட்டியலில் இல்லை.

ஆகவே கேட்கிறேன். ஒவ்வொரு பேரியாட்ரிக் மருத்துவர் பெயருக்கு எதிரிலும், ஸ்லீவ் எத்தனை, பைபாஸ் எத்தனை, 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆனவர்கள் எத்தனை பேர் என்று போடுங்கள். இதைத் தொடர்ந்து செய்பவர் நெட்வொர்க்கில் யாரும் இல்லையென்றால், வெளியே இருப்பவருக்கு நெட்வொர்க் விகிதத்திலேயே அனுமதி கொடுங்கள். மயக்க மருந்து நிபுணர் வெளியாள் என்று பிறகு தனி பில் வரக்கூடாது. பி12, இரும்பு, வைட்டமின் டி எல்லாம் ஆயுளுக்கும் பார்க்க வேண்டியவை. அந்த ரத்தப் பரிசோதனைகளையும் டயட்டீஷியனையும் இதே அனுமதியில் சேருங்கள்.

என் கோப்பு உங்கள் மேசையில் இருக்கிறது. பட்டியலுக்கு வெளியே உள்ள அந்த மருத்துவருக்காக விதிவிலக்குக் கேட்டு எழுதிய விண்ணப்பமும் அதோடு இணைந்திருக்கிறது. மறுப்பதானால், பட்டியலில் இருப்பவர்களில் யாரிடம் போகச் சொல்கிறீர்கள் என்பதை அவருடைய எண்ணிக்கையோடு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர் ஒருத்தி