நெடுந்தீவுச் சனம் என்ன பாவம் செய்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பொதுமக்களின் முறைப்பாட்டையடுத்து யாழ்ப்பாண நகரத்துக் கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் உடனடியாகத் தீவகத்துக்கு, அதாவது கடல் கடந்து நெடுந்தீவுக்கு, இடமாற்றப்பட்டார் என்று உங்கள் பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. எங்கள் ஒழுங்கையில் அதை வாசித்த பலருக்குச் சரியான சந்தோசம். எனக்கு ஒரு கேள்விதான் வந்தது. நெடுந்தீவுச் சனம் யாருக்கு என்ன பாவம் செய்தது?

பஸ்ஸை விட்டு இறங்கினால் கந்தோர் என்கிற யாழ்ப்பாண நகரத்திலேயே நேரத்துக்கு வராத ஆள், விடியப்புறம் எழும்பிக் குறிகட்டுவானுக்குப் போய், படகேறி, கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் கடலில் போய் இறங்கி ஒழுங்காக வேலை செய்வார் என்று யார் நம்புவது? காற்றடித்தால் படகில்லை என்று ஒரு சாட்டு வேறு கையில் கிடைத்துவிடும். அங்கே விரும்பிப் போய், தங்கி நின்று வேலை செய்கிற உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கிற இடத்தைத் தண்டனைக்குரிய இடம் என்று அரசாங்கமே சொன்னால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? தண்டனை இடமாற்றம் என்று ஆட்களை அனுப்புகிற வன்னிக்கும் இதே கதைதான்.

இடமாற்றத்தால் முறைப்பாடு செய்தவருக்காவது நன்மை கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து காலமானவர். விதவைகள் ஓய்வூதியத்துக்கு ஒரு கந்தோரில் ஒரு கடிதமும் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அக்கா போகிற நேரமெல்லாம் அந்த உத்தியோகத்தரின் மேசையில் மூக்குக்கண்ணாடி இருக்கும், கதிரையில் துவாய் கிடக்கும், மேலே ஃபான் சுற்றும், ஆள் மட்டும் இருக்கமாட்டார். காலையில் இயந்திரத்தில் விரலை வைத்துவிட்டு இறங்கினால் பின்னேரம் திரும்ப விரல் வைக்கத்தான் வருவாராம். "சேர் ஃபீல்டுக்குப் போட்டார், நாளைக்கு வாங்கோ" என்பார்கள். ஒருநாள் எப்படியோ ஆளைப் பிடித்துக் கேட்டதற்கு, "உங்களுக்கு மட்டும்தான் அலுவலோ, மற்றவைக்கு இல்லையோ" என்று எல்லாருக்கும் முன்னால் சத்தம் போட்டாராம். அக்கா எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். சரி, இனி அலுவல் நடக்கும் என்று போனால், புதிதாக வந்த பிள்ளை பாவம், "எனக்கு அந்த பைல் பாரம் தரேல்லை அம்மா" என்கிறது. பைல் பழையவரின் லாச்சிக்குள், லாச்சித் திறப்பு அவரோடு போய்விட்டது! முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்டால் ஒரே பதில்தான், "அவரை மாத்தியாச்சுத்தானே."

நான் இலிகிதராகச் சேர்ந்து பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவன், ஒழுக்காற்றுக் கோவைகளோடு மாரடித்தவன். சட்டம் இல்லாமல் இல்லை. அரசாங்க உத்தியோகத்தர்களுக்கான விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி முழுக்க ஒழுக்காற்று நடவடிக்கைக்குத்தான். முதலில் பூர்வாங்க விசாரணை வைத்து வாக்குமூலம் எடுக்க வேண்டும், முகாந்திரம் இருந்தால் குற்றப்பத்திரம் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும், அவர் மறுத்தால் முறைசார் விசாரணை, அதற்குப் பிறகுதான் தீர்ப்பும் தண்டனையும். இது அவருக்கும் நல்லது, ஏனென்றால் பொய் முறைப்பாடுகளும் வரத்தான் செய்கின்றன. விசாரணை முடியும்வரை அவர் அதே கதிரையில் இருந்தால் சாட்சிகளுக்கு இடைஞ்சல் என்று மாற்றினால் அதில் பிழை சொல்லமாட்டேன். மாற்றிய கையோடு கோவையையும் கட்டி வைத்துவிடுகிறார்களே, அதுதான் பிரச்சினை. விசாரணை நடத்துவது பெரிய தலையிடி, இடமாற்றக் கடிதமோ ஒரு பக்கம்.

இன்னொன்று. வருடாவருடம் சம்பள ஏற்றம் சும்மா விழுவதில்லை. இவருடைய வேலை திருப்தி என்று மேலதிகாரி கையெழுத்து வைத்தால்தான் விழும். அப்படியானால் வருடக்கணக்காக வெறுங்கதிரைக்குத் திருப்தி என்று கையெழுத்து வைத்தவர் யார்? அவரை ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

இப்போது புது வழக்கம் ஒன்று வந்திருக்கிறது. அரசியல்வாதிகளும் உத்தியோகத்தர்களும் கூடுகிற ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அரசியல்வாதி எழும்பி, கமராவைப் பார்த்தபடி உத்தியோகத்தரை வாங்கு வாங்கென்று வாங்குவார், இரவுக்குள் அந்த வீடியோ எல்லார் போனிலும் வந்துவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒழுக்காற்று அதிகாரம் அந்தக் கூட்டத்துக்கு இல்லை. பிரதேச செயலகத்து ஆட்களும் கிராம அலுவலர்களும் மத்திய அரசாங்கத்தின் கீழ். மாகாணத் திணைக்களங்கள், பிரதேச சபைகளில் உள்ளவர்கள் மாகாணத்தின் கீழ், அவர்கள் மீதான ஒழுக்காற்று அதிகாரத்தை 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் ஆளுநரிடம் கொடுத்திருக்கிறது, அவர் அதை மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கலாம். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் சனம் எம்.பி.யின் வீட்டுக்குப் போகிறது, அவர் ஒரு போன் எடுக்கிறார், ஆளை மாற்றுகிறார்கள், எல்லாரும் கைதட்டுகிறார்கள், பைல் லாச்சிக்குள்.

ஒவ்வொரு கந்தோர் வாசலிலும், இங்கே வேலை செய்கிறவர்கள் மீது முறைப்பாடு என்றால் யாருக்கு எழுத வேண்டும் என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை போடட்டும். முறைப்பாடு செய்தவருக்கு, விசாரித்தோம், முடிவு இது என்று இரண்டு வரி எழுதிப் போடட்டும். இடமாறுகிறவர் கோவைகளையும் திறப்புகளையும் பாரம் கொடுத்து முடிக்கும்வரை அவரை விடுவிக்கக் கூடாது, இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் தேவையில்லை.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இடமாற்றப்பட்டார் என்று செய்தி போட்டீர்கள், நல்லது. ஆறு மாதம் கழித்து அதே ஆளுக்குக் குற்றப்பத்திரம் கொடுத்தார்களா, விசாரணை தொடங்கியதா என்று உங்கள் செய்தியாளர் ஒருவரைக் கொண்டு கேட்டு எழுதுங்கள். வாயால் கேட்டுச் சொல்லாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். தரமாட்டோம் என்றால் அதையும் முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர் ஒருவர்,
கோண்டாவில்.