கிளட்ச் மாற்றிய பிறகும் முழுதாக ஃப்ரீ ஆகவில்லை: கூலி வாங்காமல் சரிசெய்து தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
கார் உரிமையாளர், மேட்டுப்பாளையம்.
(பெயர், கைபேசி எண், வண்டி எண் ஆகியவை இணைத்துள்ள பில்லில் உள்ளன.)

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர், தலைமை அலுவலகம்.

பொருள்: கோவை சர்வீஸ் சென்டரில் கிளட்ச் செட் மாற்றிய வேலையில் குறைபாடு.

ஐயா,

வணக்கம். போன மாதம் உங்கள் கோவை சர்வீஸ் சென்டரில் என் டீசல் காருக்கு கிளட்ச் செட் மாற்றினேன். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து கியர்பாக்ஸுக்குள்ளேயே உட்காரும் ஸ்லேவ் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் பேரிங்கைத் தள்ளிக் கிளட்சைப் பிரிப்பது), கியர் ஆயில், கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றிய கூலி எல்லாம் பில்லில் இருக்கின்றன. கேட்ட தொகையை அப்படியே கட்டினேன். பழைய பிளேட் தேய்ந்து, ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கியது. அந்தத் தொல்லை இப்போது இல்லை. ஆனால் வண்டியை வெளியே எடுத்த அன்றே வேறு தொல்லை ஆரம்பித்துவிட்டது.

இன்ஜின் ஓடாதபோது எல்லா கியரும் சுலபமாக விழுகின்றன. ஸ்டார்ட் செய்து கிளட்சை அடிவரை மிதித்தால் முதல் கியருக்கு லீவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ரிவர்ஸ் போட்டால் பல்லோடு பல் உரசும் சத்தம் தெருவுக்கே கேட்கிறது. முதல் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடியே பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், சமதரையிலும் வண்டி மெல்ல முன்னே நகர்கிறது. மிதித்த பிறகும் இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வேலைக்காக அடிக்கடி குன்னூர் ஏறுகிறவன் நான். கல்லாறில் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் சோதனைக்கு வண்டிகள் வரிசையாக நிற்கும்போது, நியூட்ரலுக்கு வந்தால் திரும்ப முதல் கியர் விழாது; கியரிலேயே நின்றால் முன்னால் நிற்கும் வண்டியை இடிக்கப் பார்க்கிறது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து, கொஞ்சம் பின்வாங்க வேண்டிய நேரத்தில் ரிவர்ஸ் விழாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பக் கொண்டுவந்து காட்டியபோது உங்கள் சர்வீஸ் அட்வைசர் முதலில் "புது பிளேட் சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்றார். புது பிளேட் பழகும் வரை வண்டி எடுக்கும்போது கொஞ்சம் உதறலாம், சரி. அது பிடிப்பில் வரும் குறை. பிரியாத பிளேட் ஓட ஓடப் பிரியப் பழகிக்கொள்ளுமா? அடுத்து, நான் கிளட்ச் மேல் கால் வைத்து ஓட்டுகிறேனாம். அந்தப் பழக்கத்தால் பிளேட் தேய்ந்து வழுக்கும்; கியர் விழாமல் போகாது. கடைசியாகக் குனிந்து, பெடலுக்குக் கீழே இருந்த ரப்பர் மேட்டை உருவி டிக்கியில் போட்டுவிட்டு, "இப்ப ஓட்டிப் பாருங்க" என்றார். ஒரு ரப்பர் மேட்டின் தடிமனுக்கே கிளட்ச் தடுமாறுகிறது என்றால், பெடலை மிதிக்கும் தூரம் முழுதாக ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை என்றுதானே அர்த்தம்? வண்டியை லிஃப்டில்கூட ஏற்றாமல், "ஓகே" என்று வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒரு ஸ்பேனரையும் தொடவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஒரே மிதியில் ரிவர்ஸ் போட்டார்: உரசியது. பெடலை வேகமாக நாலு தடவை அடித்துப் பிடித்துக்கொண்டு போட்டார்: சத்தமில்லாமல் விழுந்தது. கொஞ்ச நேரம் பிடித்தே இருந்தபோதும் வண்டி நகரவில்லை. "கிளட்ச் ஆயில் லைன் உள்ளே ஏர் இருக்கு" என்றார். ஆயிலை அழுத்தினாலும் சுருங்காது. காற்றை அழுத்தினால் சுருங்கும். அதனால் பெடல் அடிவரை போனாலும் பேரிங் போக வேண்டிய தூரம் போகாது. பானெட்டைத் திறந்து பார்த்தால், பிரேக்குக்கும் கிளட்சுக்கும் பொதுவான ஆயில் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது.

அப்போதுதான் பில்லை எடுத்துத் திரும்பப் படித்தேன். ஸ்லேவ் சிலிண்டர் மாற்றியதாக இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் ஆயில் பைப்பைக் கழற்றியே ஆக வேண்டும்; மாட்டிய பின் ஏர் எடுக்காமல் (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றாமல்) விட முடியாது, எடுக்க எடுக்கப் புது பிரேக் ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பில்லில் பிரேக் ஆயில் என்ற வரியே இல்லை. ஏர் எடுத்ததாக ஜாப் கார்டில் ஒரு வார்த்தையும் இல்லை. இதற்கு எனக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும்.

நான் கேட்பது இதுதான். முதலில் கிளட்ச் லைனில் முறையாக ஏர் எடுங்கள். எங்காவது கசிகிறதா, பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தைப் பிடித்து நிற்கிறதா என்றும் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் கியர்பாக்ஸை மறுபடி இறக்குங்கள். பிளேட்டை முன்பின் மாற்றி மாட்டியிருந்தாலும் இதே குறை வரும். ஏற்றும்போது கியர்பாக்ஸின் பாரத்தை, பிளேட்டுக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்டில் தொங்கவிட்டதில் பிளேட் வளைந்திருந்தாலும் வரும். அப்படி எது இருந்தாலும் அது உங்கள் பட்டறையில் நடந்தது. இரண்டாவது முறை இறக்கி ஏற்றும் கூலியோ, கெட்டுப்போன பிளேட்டின் விலையோ என் தலையில் விழக்கூடாது. கழற்றும்போது நானும் நின்று பார்ப்பேன். போன தடவை பழைய பாகங்களைக் கேட்டதற்கு ஸ்கிராப்பில் போட்டாகிவிட்டது என்றார்கள்.

இன்னொன்று. இத்தனை நாள் உரசியதில் ரிவர்ஸ் கியர் பற்களும், கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ ரிங்குகளும் எவ்வளவு அடிபட்டிருக்கின்றன என்று வெளியிலிருந்து தெரியாது. வடித்த கியர் ஆயிலில் இரும்புத் தூள் இருக்கிறதா என்று பார்த்து, இந்தக் குறையால் பிறகு கியர்பாக்ஸில் பழுது வந்தால் நீங்களே பொறுப்பு என்று எழுதித் தர வேண்டும்.

வண்டி இப்போது என் வீட்டு வாசலில் நிற்கிறது. இந்த நிலையில் கோவைவரை ஓட்டி வர மாட்டேன். உங்கள் செலவில் டோ வண்டி அனுப்பி எடுத்துச் செல்லுங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம்கூடக் கிடையாது.

டோ வண்டி வருவதற்கு முந்தின நாள் மாலைக்குள் போன் செய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், இரண்டு ஜாப் கார்டுகளின் நகல், ஆயில் டப்பாவின் படம், ரிவர்ஸ் போடும்போது எடுத்த வீடியோ.