முகப்புக்கு அடித்த வண்ணம் கூரையைக் காக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரியின் பழைய நகரத்துக்குப் புத்துயிர் ஊட்டுவது பற்றிய பேச்சு எப்போது எழுந்தாலும் பெரிய வாய்க்காலின் கிழக்குக் கரையோடு நின்றுவிடுகிறது. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பிரெஞ்சுப் பெயர்ப்பலகை: சுற்றுலா விளம்பரங்களில் புதுச்சேரி என்றால் இவ்வளவுதான். வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணையும் தாழ்வாரமுமாக நிற்கும் தமிழர் பகுதி வீடுகள்தான் வேகமாகக் குறைந்து வருகின்றன. 1990-களில் மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு எடுத்த கணக்கில் பழைய நகரத்தில் ஏறத்தாழ 1,800 மரபுக் கட்டடங்கள் இருந்தன. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அவற்றில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

இந்தச் சரிவைத் தடுக்க நடந்த முயற்சிகளில் வைசியாள் வீதி வேலைக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய, ஆசிய நகரங்களை இணைத்து வேலை செய்ய வைத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ ஆகிய நகரங்களோடு புதுச்சேரி நகராட்சி கைகோத்தது. இன்டாக் களத்தில் இறங்கியது. 2002 முதல் 2004 வரை நடந்த அந்த வேலையில், கால்வே சுப்பராய செட்டி வீதி என்று பலகையில் எழுதியிருக்கும் அந்த ஒரே தெருவில் சுமார் இருபது வீடுகளின் முகப்பு சீரானது. வீட்டுக்காரர் ஒரு பங்கு போட்டால் திட்டம் ஒரு பங்கு போட்டது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. தமிழ் வீதிக்கும் ஒரு முகம் உண்டு, அதைப் பார்க்கவும் ஆட்கள் வருவார்கள் என்று காட்டியது அந்த வேலைதான்.

ஆனால் அதற்குப் பின் வந்த திட்டங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது முகப்பை மட்டும்தான். தெருவிளக்கு, நடைபாதைக் கல், பெயர்ப்பலகை, வெளிச்சுவருக்கு வண்ணம். இவை கண்ணுக்குத் தெரியும். படம் எடுத்து அறிக்கையில் ஒட்டலாம். வீடு விழுவதோ மேலிருந்தும் கீழிருந்தும்.

முதலில் மேலே. இந்த வீடுகளில் பெரும்பாலானவை மெட்ராஸ் டெரஸ் கூரை போட்டவை. தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, ஓரங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்பில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் போட்டு, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். ஒழுங்காகப் போட்டது நூறாண்டு தாங்கும். ஒழுக ஆரம்பிப்பது பெரும்பாலும் நடுவில் அல்ல. கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலையில், அல்லது மழைநீர் வெளியேறும் தூம்பின் வாயில். அந்த மூலையைப் பிரித்துச் சுண்ணாம்பிலேயே கட்டினால் வேலை முடிந்தது. அதை விட்டுவிட்டு மொத்தத் தளத்தின்மேலும் இரண்டு அங்குலம் சிமெண்ட் கான்கிரீட் போடுகிறார்கள். சதுர அடிக்கு 11 கிலோ கூடுகிறது. 12-க்கு 12 அறையின் தலையில் ஒன்றரை டன் ஏறுகிறது. கான்கிரீட்டில் விரிசல் விட்டதும் தண்ணீர் உள்ளே போகிறது, ஆனால் காய்ந்து வெளியேற வழியில்லை. சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் நுனி ஊறி உளுத்துவிடுகிறது. அறைக்குள்ளிருந்து பார்த்தால் கட்டை திடமாகத் தெரியும். சுவரை ஒட்டிய இடத்தில் திருப்புளியை அழுத்தினால் அரை அங்குலம் இறங்கும்.

இதற்காக முழுக் கட்டையையும் மாற்ற வேண்டியதில்லை. உளுத்த நுனியை மட்டும் அறுத்து, நன்கு காய்ந்த தேக்குத் துண்டை ஒட்டாகச் சேர்த்து, இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போட்டு முடுக்கலாம். சுவருக்குள் போகும் புது நுனியைச் சுற்றி அரை அங்குலம் காற்று போக இடம் விட வேண்டும். கலவையை வைத்து இறுக அடைத்துவிட்டால் பழைய கதைதான்.

2014 நவம்பர் 29 அன்று பெருமழையில் கடற்கரைச் சாலையில் இருந்த பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் சரிந்தது. மீண்டும் எழுப்ப உலக வங்கியின் கடனுதவித் திட்டம் தேவைப்பட்டது, 2021-இல்தான் திறந்தார்கள். அரசுக் கட்டடத்துக்கு அப்படியொரு வழி கிடைத்தது. பெருமாள் கோயில் வீதியில் விழும் வீட்டுக்கு யார் வருவார்கள்?

இனி கீழே. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடுகிறார்கள். வீட்டு வாசலில் மூன்று படி இருந்த இடத்தில் இன்று ஒன்று மிஞ்சியிருக்கும். தாழ்வாரத் தூணின் கல் பீடம் பாதி தாருக்குள் போயிருக்கும். தெருத்தண்ணீர் திண்ணைக்கு ஏறுகிறது, திண்ணையிலிருந்து சுவருக்கு ஏறுகிறது. கடலோர ஊர் என்பதால் ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. சுவரில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் வெளியே காய்ந்து, உப்பு பூச்சிலேயே பூத்து உதிரும். சில ஆண்டுக்கு ஒருமுறை பூச்சைப் புதுப்பித்தால் போதும். சிமெண்ட் பூசி, மேலே எமல்ஷன் அடித்த சுவரில் ஈரம் பின்னாலேயே தேங்கி, உப்பு செங்கல்லுக்குள் படிகிறது. பூச்சு முழுதாக நிற்கும்; விரலால் தட்டினால் பொத்தென்று ஓசை வரும்; பெயர்த்தால் உள்ளே செங்கல் செம்மண் மாவாகக் கொட்டும். அரசுப் பணத்தில் முகப்பு வண்ணம் அடிக்கும்போது நடப்பதும் இதுவே. புதுப்பிப்பு என்ற பெயரில் வீட்டின் ஆயுளைக் குறைக்கிறோம்.

சுண்ணாம்பு வேலைக்கு அவசரம் ஆகாது. நீற்றிய சுண்ணாம்பு இரண்டு மூன்று வாரமாவது தண்ணீருக்கடியில் கிடக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரில், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு மணலோ செங்கல் தூளோ சேர்த்து அரைக்க வேண்டும். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசக்கூடாது; பூசியபின் ஒரு வாரம் பத்து நாளுக்கு ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். டெண்டர் முடிந்து வேலை உத்தரவு ஐப்பசியில் கைக்கு வந்தால், அடைமழையில் இந்தப் பூச்சு இறுகாது. மார்ச் 31-க்குள் பில் போட வேண்டும் என்ற நெருக்கடியில் ஒப்பந்ததாரர் சுண்ணாம்போடு சிமெண்டைக் கலந்துவிடுவார். குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை என்ற விதியும் சேர்ந்தால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் வீட்டில் இருப்பார்கள். தெரியாதவர்கள் சாரத்தில் நிற்பார்கள். மரபுக் கட்டட வேலைக்கு உத்தரவு தை பிறக்கும்போதே கிடைத்தாக வேண்டும். சுண்ணாம்பு, மரவேலை, மெட்ராஸ் டெரஸ் ஆகியவற்றுக்குத் தனி விலை வகுத்து, இதற்கு முன் செய்த வேலையைப் பார்த்தே ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே வீட்டுக்கு ஏழெட்டுப் பங்காளிகள் இருக்கிறார்கள். ஒருவர் பிரான்சில், ஒருவர் சென்னையில். மனை விலை ஏறிக்கொண்டே போகிறது, வீட்டின் விலையோ சுழி. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினால் ஆளுக்கொரு பங்கு வரும். மரபுப் பட்டியலில் சேர்த்து இடிக்கக்கூடாது என்று தடை மட்டும் போட்டால், தானே விழட்டும் என்று பூட்டிவிட்டுப் போவார்கள். தடைக்கு ஈடு தேவை. மும்பையில் 1995 முதலே, மரபுக் கட்டடத்தில் மேலே கட்ட முடியாமல் போகும் பரப்பளவு உரிமையை வேறிடத்துக்கு விற்க வழி உண்டு. அகமதாபாத் பழைய நகரத்திலும் உண்டு. புதுச்சேரியில் நெடுஞ்சாலையை ஒட்டி வளரும் பகுதிகளில் அந்த உரிமையை வாங்க ஆள் இருப்பார்கள். பங்கு போட்டுத் தரும் மானியத்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஆனால் வரிசையை மாற்றி: முதல் தவணை கூரைக்கும் வடிகாலுக்கும், இரண்டாவது மரத்துக்கும் சுவருக்கும், முகப்பு கடைசியில். பத்தாண்டுக்குள் இடித்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பழுது பார்ப்பதற்கு எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் வேண்டும் என்று கேட்காமல், பெரும்பான்மையினரின் ஒப்புதலோடு ஏற்க வேண்டும். சொத்துரிமை இதனால் மாறப்போவதில்லை.

விளம்பரம் பற்றியும் ஒன்று. தமிழ் வீதிகளை இப்போதுதான் சுற்றுலா கண்டுபிடித்திருக்கிறது. உடனே அங்கேயும் மஞ்சளும் வெள்ளையும் அடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் திண்ணையும் மரத்தூணும், மாடியில் வளைவுச் சாளரமும் பிரெஞ்சுக் கைப்பிடிச் சுவருமாக இருப்பது இந்த ஊருக்கே உரிய கட்டுமானம். அதற்கு இன்னொரு பகுதியின் சாயம் தேவையில்லை. வீதி முழுக்க விடுதியானால் திண்ணையில் உட்கார ஊர்க்காரர் இருக்க மாட்டார். ஒரு தெருவில் எத்தனை வீடுகள் விடுதியாகலாம் என்பதற்கு உரிமம் வழங்கும்போதே வரம்பு வைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் காலம் பிடிக்கும். ஆடி, ஆவணி மாதங்களில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நகராட்சிப் பொறியாளர் ஒருவரும் சுண்ணாம்புக் கொத்தனார் ஒருவரும் பட்டியலில் உள்ள வீடுகளின் மொட்டைமாடிக்கு ஏறி, அடைபட்ட தூம்பு, பிளந்த கைப்பிடிச்சுவர் மூலை, முளைத்த அரசங்கன்று ஆகிய மூன்றையும் குறித்து வீட்டுக்காரரிடம் தர வேண்டும். கன்றை வெறுமனே பிடுங்கினால் வேர் உள்ளேயே நின்று மறுபடி துளிர்க்கும். இரண்டு வரிசைச் செங்கல்லைப் பெயர்த்து, வேரோடு எடுத்து, சுண்ணாம்பில் திரும்பக் கட்ட வேண்டும். ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இதை முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
பழைய கட்டட வேலையில் உள்ள வாசகர்,
புதுச்சேரி