வெயிலும் வலி மாத்திரையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி கல் குவாரிகளிலும் மாந்தோப்புகளிலும் கோடையில் வேலை செய்வோர், உடம்பு வலிக்கு டைக்ளோபினாக் வாங்கி விழுங்கிவிட்டு மறுநாளும் வெயிலில் நிற்பது வழக்கமாகிவிட்டது. இது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஒரு சிறுநீரகத்தில் நெஃப்ரான்கள் எனும் நுண்ணிய வடிகட்டும் அலகுகள் ஏறத்தாழ 10 லட்சம். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ரத்தத்திலிருந்து வடிப்பது சுமார் 180 லிட்டர் திரவம். சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர்தான். மீதியை நுண்குழல்கள் ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. வியர்த்து நீர் குறைந்தால் பிட்யூட்டரி சுரப்பி நீரைத் தக்கவைக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோனைக் கூடுதலாக விடும். சேகரிப்புக் குழல்கள் இன்னும் நீரை இழுத்துக்கொள்ள, சிறுநீர் அடர்மஞ்சளாகும். அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமும் குறைவு. வடிகட்டிக்குள் நுழையும் நுண்தமனியை விரித்து வைத்துச் சமாளிப்பது உடலே உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். டைக்ளோபினாக்கும் ஐபுபுரூஃபன் என்ற இன்னொரு வலி மாத்திரையும் அதன் உற்பத்தியைத்தான் தடுக்கின்றன! வடிகட்டும் அழுத்தம் விழுகிறது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுகிறது. பெரும்பாலும் வலியே தெரியாது, அதுதான் வம்பு.

வெயிலில் வேலை செய்பவர் தாகத்துக்குக் காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் நீர் குடிக்க வேண்டும். வெறும் நீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். இடையிடையே உப்பு போட்ட நீர்மோர் நல்லது. ஏற்கெனவே சிறுநீரக நோயோ கால் வீக்கமோ உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவர் சொல்லும் அளவுதான்.

வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியதே இம்மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். குவாரித் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் மார்ச்சிலேயே கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின் (சிறுநீரில் கசியும் புரதம்) பரிசோதனைகளைச் சுகாதாரத் துறை செய்ய வேண்டும். மருந்துச்சீட்டில்லாமல் வலி மாத்திரை விற்பதையும் தடுக்க வேண்டும்.

– வாசகர், கிருஷ்ணகிரி