வணிக வழக்குகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை நியமிக்கக் கோரல்

செயலாளர்,
நீதி அமைச்சு,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கொழும்பு 11, புறக்கோட்டையில் மொத்தப் பலசரக்கு வியாபாரம் செய்பவன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் இதில் ஒப்பமிட்டுள்ளனர்.

பணத் தகராறொன்றில் சாட்சி சொல்ல அண்மையில் ஒரு நீதிமன்றத்துக்குப் போனேன். "இரண்டு கொன்டெய்னர் மைசூர்ப் பருப்பைக் கைமாற்றாகக் கொடுத்தேன்" என்றேன். எங்கள் தெருவில் கைமாற்று என்றால் வட்டியில்லாத இரவல். இரவல் வாங்கியவருடைய சரக்கு துறைமுகத்திலிருந்து வந்ததும் அதே அளவைத் திருப்பித் தரவேண்டும். மொழிபெயர்த்தவர் அதைக் கையிலிருந்து கைக்கு மாற்றினேன் என்று சொல்லிவிட்டார். "அப்படியானால் சரக்கு அவருக்குச் சொந்தமாகிவிட்டதே?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உடனே பிடித்துக்கொண்டார். என் சட்டத்தரணிக்குத் தமிழ் தெரிந்திருந்ததால் எழுந்து திருத்தினார். தெரியாதிருந்தால் சுருக்கெழுத்தாளர் எழுதியதே பதிவேட்டில் நின்றிருக்கும்.

மொழிபெயர்த்தவரைக் குறை சொல்லவில்லை. அடிதடி வழக்கொன்றை முடித்த கையோடு மூச்சு வாங்க ஓடிவந்தவர். உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு), சிட்டை (அன்றாடக் கணக்கு), பற்றுவரவு போன்ற வியாபாரச் சொற்களெல்லாம் அவர் படித்த பாடத்தில் இருந்திருக்காது.

1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே பெரிய வணிக வழக்குகளுக்கென்று கொழும்பில் தனியாக மேல் நீதிமன்றம் வந்தது. கம்பனி, புலமைச் சொத்து வழக்குகளும் அங்கேதான் போகின்றன. வணிக வழக்குகளில் கட்டுகட்டான பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். நீதிபதியும் சட்டத்தரணியும் மட்டும் போதாது. பதிவாளர், மொழிபெயர்ப்பாளர், சுருக்கெழுத்தாளர், ஆவணங்களைக் கட்டிக் காக்கும் லிகிதர் என்று பலர் சேர்ந்துதான் ஒரு நாள் விசாரணை நகர்கிறது. இவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவர் குறைந்தாலும் தவணை தள்ளிப்போகிறது. தவணை தள்ளிப்போனால் கடை பூட்டிக் கிடக்கிறது.

வழக்கு நடக்கும் மொழி தெரியாதவருக்கு அரசே மொழிபெயர்ப்பு வழங்க வேண்டும் என்றும், பதிவேட்டின் பகுதிகளை அவர் தம் மொழியில் பெறலாம் என்றும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. புதிதாக எதையும் கேட்கவில்லை.

ஆகவே, கொழும்பில் வணிக வழக்குகளுக்கென்றே நிரந்தரத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களையும் தமிழ்ச் சுருக்கெழுத்தாளர் ஒருவரையும் நியமிக்குமாறு வேண்டுகிறோம். நியமிக்கப்படுவோர் ஒரு கிழமையாவது புறக்கோட்டைக் கடைகளில் கணக்குப்பிள்ளைகளுடன் உட்கார்ந்து பேரேடு பார்க்கட்டும். தேநீர் எங்கள் செலவு. அரசகரும மொழிகள் திணைக்களம் பல துறைகளுக்குக் கலைச்சொல் தொகுதிகள் வெளியிட்டிருக்கிறது. வியாபாரிகள் வாயில் புழங்கும் சொற்களுக்கும் அப்படியொன்று வேண்டும். நாங்கள் சேர்த்த முதல் நூறு சொற்களை இத்துடன் இணைத்துள்ளோம். கைமாற்று அதில் முதலாவது.

பதிலைத் தமிழில் அனுப்பி உதவுமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவரும் அயல் கடைக்காரர்களும்