சோப்பும் மெக்னீசியமும்: பாப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மெயில் கிடைத்தது. ஆர்.என்.ஏ. என்பது நாலு வகை வேதி ‘எழுத்து’களைச் சரமாகக் கோத்த, மரபுச் செய்தி தாங்கும் மூலக்கூறு; நூறு எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. தற்செயலாக அமைய வேண்டுமென்றால் நாலின் நூறாம் அடுக்கு, அதாவது 1க்குப் பின்னால் 60 சைபர் போட்ட அளவு வாய்ப்புகளில் ஒன்று, ஆகவே உயிர் தானாகத் தோன்றியது என்பது கட்டுக்கதை என்று முடித்திருந்தாய். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் குறிப்பிட்ட ஒரே ஒரு வரிசைதான் வேலைக்கு ஆகும் என்று யார் சொன்னது? 1993இல் டேவிட் பார்ட்டல், ஜாக் ஷோஸ்டாக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டபடி எழுத்துகளைக் கோத்த ஆயிரம் லட்சம் கோடிக்கும் மேலான ஆர்.என்.ஏ.க்களை ஒரே கலவையில் போட்டு, அதிலிருந்து இரண்டு ஆர்.என்.ஏ. துண்டுகளை ஒட்டவைக்கத் தெரிந்தவற்றைச் சலித்தெடுத்தார்கள். ஒன்றல்ல, பலவகை கிடைத்தன. அந்தக் கலவை உன் 60 சைபருக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆர்.என்.ஏ.யால் வினையூக்கியாகவும் (தான் செலவாகாமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருளாகவும்) இருக்க முடியும் என்பது 1980களிலேயே தெரிந்துவிட்டது. அதற்காகத்தான் தாமஸ் செக்குக்கும் சிட்னி ஆல்ட்மனுக்கும் 1989இல் நோபல் கொடுத்தார்கள். உன் செல்களில் இந்த நிமிடம் புரதம் கோக்கும் ரைபோசோமிலும், கோக்கிற இடத்தில் இருப்பது ஆர்.என்.ஏ.தான். ஆகவே அந்தப் பக்கம் எனக்குக் கவலை இல்லை. என் சந்தேகமெல்லாம் வேறு இடத்தில்.

சால் ஸ்பீகல்மன் என்ற விஞ்ஞானி 1960களில் செய்த சோதனை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கியூ-பீட்டா என்ற வைரஸின் ஆர்.என்.ஏ.யையும், அதை நகலெடுக்கும் நொதியையும் (என்ஸைம்), தேவையான எழுத்துகளையும் ஒரு குழாயில் விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்துப் புதுக் குழாயில், அதிலிருந்து அடுத்ததில். 74ஆவது குழாய் மாற்றத்துக்குள் அந்த ஆர்.என்.ஏ. தன் நீளத்தில் 83 சதவீதத்தை உதறிவிட்டது. வைரஸாக வாழத் தேவையான எதுவும் அதில் மிச்சமில்லை. குட்டையாக இருந்தால் சீக்கிரம் நகலாகலாம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நகலெடுப்பது மட்டுமே இருந்தால் சோம்பேறிதான் ஜெயிக்கும் பாப்பா. திறந்த நீர்க்குட்டையில் ஏதோ ஓர் ஆர்.என்.ஏ. பிறவற்றை நகலெடுக்கக் கற்றுக்கொண்டது என்றே வைத்துக்கொள். அதன் உழைப்பைத் தின்று பெருகுவது பக்கத்தில் மிதக்கும் உதவாக்கரைகள்தான்.

அதனால் ஒரு பை வேண்டும். உழைப்பின் பலன் உழைத்தவனோடு இருக்க ஒரு சுவர். பையும் ஆர்.என்.ஏ.யும் சேர்ந்த நாளைத்தான் உயிரின் தொடக்கமாக நான் எண்ணுவேன். ஆர்.என்.ஏ.யை மட்டும் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

பை கிடைப்பது ஆச்சரியப்படும் அளவுக்குச் சுலபம். கொழுப்பு அமிலங்களைச் சரியான காரத்தன்மையுள்ள நீரில் விட்டால் தாமாகவே இரண்டடுக்குச் சவ்வாகச் சுருண்டு குமிழிகளாகும். 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லிலிருந்து பிரித்த பொருள்களும் இப்படிக் குமிழி கட்டுவதை டேவிட் டீமர் காட்டியிருக்கிறார். இப்போதைய செல்களின் சவ்வு வழியே ஆர்.என்.ஏ.யின் எழுத்துகள் லேசில் நுழையாது. இந்தப் பழைய சவ்வோ ஒழுகல். அந்த ஒழுகல்தான் நமக்கு வேண்டியது, உள்ளே வாய் எதுவும் இல்லாமலே தீனி போகும். 2004இல் ஷோஸ்டாக் குழு இன்னொன்றையும் பார்த்தது. உள்ளே ஆர்.என்.ஏ. நிறைந்த குமிழி சவ்வூடு அழுத்தத்தால், அதாவது வெளிநீர் சவ்வு வழியே உள்ளே புகுவதால், விம்மி, பக்கத்திலிருக்கும் காலிக் குமிழிகளிடமிருந்து கொழுப்பை உறிஞ்சித் தான் வளர்கிறது. மரபணு, போட்டி, இரை எல்லாம் ஒரு சொட்டு நீரில்!

இங்கேதான் வில்லங்கம். நொதி இல்லாமல் ஆர்.என்.ஏ. நகலாக வேண்டுமென்றால் மெக்னீசியம் நிறைய வேண்டும். அந்த மெக்னீசியமோ கொழுப்பு அமிலத்தைக் கண்டால் விடாது. உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து பக்கெட் ஓரத்தில் படிகிறதே, சாட்சாத் அதே வினைதான். சோப்பு என்பதே கொழுப்பு அமிலத்தின் உப்பு; நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிடித்துக்கொண்டு கரையாத கசடாக்கிவிடுகின்றன. ஆர்.என்.ஏ.க்கு வேண்டிய அளவு மெக்னீசியத்தை ஊற்றினால் பை கசடாகிறது; பையைக் காப்பாற்றினால் நகல் நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, அதே மெக்னீசியம் நாள்பட நாள்பட ஆர்.என்.ஏ.யையே அறுக்கிறது.

2013இல் கேட் அடமாலாவும் ஷோஸ்டாக்கும் ஒரு வழி கண்டார்கள். சிட்ரேட்டைச் சேர்த்தார்கள், எலுமிச்சைப் புளிப்பின் உப்புதான். அது மெக்னீசியத்தை ஒரு பக்கம் கவ்விக்கொள்கிறது. அந்தப் பிடி சவ்வைக் காப்பாற்றப் போதும், ஆனால் ஆர்.என்.ஏ. நகலெடுப்பதைத் தடுக்கும் அளவுக்கு முழுசாக மூடவில்லை. குமிழிக்குள்ளேயே நகல் நடந்தது. படித்தபோது கைதட்டினேன். அப்புறம் யோசித்தால், ஆதி பூமியில் ஒரு குட்டைக்கு அவ்வளவு சிட்ரேட்டை யார் கொண்டுவந்து கொட்டினார்கள்? வழி இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள், உயிர் அந்த வழியாகத்தான் வந்தது என்று எனக்குப் படவில்லை.

அடுத்த சிக்கல் இன்னும் பெரிது. நகல் முடிந்ததும் மூலமும் நகலும் இரட்டை இழையாக ஒட்டிக்கொள்ளும். மறுபடி நகலெடுக்கப் பிரிக்க வேண்டும். சூடாக்கினால் பிரியும், கொழுப்புக் குமிழிகள் கிட்டத்தட்ட கொதிநிலை வரைகூடத் தாங்குவது சோதனையில் தெரிந்தது, சுடுநீர் ஊற்றுகளும் ஆதி பூமியில் இருந்திருக்கும். சரி, ஆறினால்? புது எழுத்துகள் வந்து உட்காருவதற்குள் பழைய இழைகள் மீண்டும் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்கின்றன. நகலெடுப்பு நாள் கணக்கு, கவ்வுவது அதைவிட எவ்வளவோ வேகம்.

2021இல் ஷோஸ்டாக் குழுவிலிருந்து இதற்கும் ஒரு யோசனை வந்தது. முழு நீள இழையே தேவையில்லை. ஒரு கற்பனை வட்டத்தின் மேல் எங்கெங்கோ தொடங்கி எங்கெங்கோ முடியும் சின்னச் சின்னத் துண்டுகளாக மரபுச் செய்தி இருக்கட்டும் என்கிறார்கள். துண்டுகள் பிரிந்து, வேறு துணையோடு சேர்ந்து, ஒவ்வொரு முறையும் ஓரிரு எழுத்து வளரும். முழு வட்டம் எந்த மூலக்கூறிலும் இருக்காது, எல்லாத் துண்டுகளையும் சேர்த்துப் படித்தால்தான் தெரியும். தைரியமான யோசனைதான்.

என்னைக் கேட்டால் மெக்னீசியத் தகராறு முதலில் தீரும். சிட்ரேட் இல்லாவிட்டால் இன்னொன்று, அல்லது மெக்னீசியத்துக்கு அசராத கலப்புச் சவ்வு. இழை பிரிகிற விஷயம்தான் இழுத்துக்கொண்டே போகும். நீ எப்படியும் எதிர்ப்பக்கம்தான் பேசுவாய். பேசு, ஆனால் காரணத்தோடு எழுது.

அன்புடன்,
அப்பா