மிஷின் வாங்கும்போதே புரோகிராமையும் கேட்டு வாங்கணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

பாலக்காடு இண்டஸ்ட்ரியல் ஸ்மார்ட் சிட்டி பத்தி நியூஸ் வர்றப்ப எல்லாம் நிலம், ரோடு, எத்தன கோடி, இதத்தான் பேசறாங்க. 2024 ஆகஸ்ட்ல சென்ட்ரல் கேபினட் ஓகே பண்ணுச்சு, 3,806 கோடி, சந்தோஷந்தானுங்க. ஆனா அங்க வரப்போற ஃபேக்டரிகளுக்கு சாஃப்ட்வேர் தெரிஞ்ச ஆளு எங்கிருந்து வருவாங்கன்னு யாரும் கேட்ட மாதிரி தெரியல.

நான் பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டுல சின்னதா மெஷினிங் யூனிட் வெச்சிருக்கேன், கோயமுத்தூர் பார்ட்டிகளுக்கு ஜாப் ஒர்க். முன்னெல்லாம் கைராசியான டர்னர் ஒருத்தர் இருந்தா பொழப்பு ஓடிரும், இப்ப பார்ட்டி என்ன கேக்கறாங்கன்னா எந்த பேட்ச் எந்த மிஷின்ல எப்ப ஓடுச்சு, அளவு எவ்ளோ வந்துச்சுன்னு ரிப்போர்ட் கம்ப்யூட்டர்ல இருந்து வரணுமாம், அது இல்லீன்னா ரேட்டக் கொறச்சாலும் ஆர்டர் வேற பக்கம் போயிருதுங்க. போன வருஷம் ஒரு ஆட்டோமேட்டிக் மிஷின் நின்னுபோச்சு. ஒரு சென்சார மாத்தி பிஎல்சில (மிஷின ஓட்டற சின்னக் கம்ப்யூட்டருங்க) ஒரு வேல்யூ திருத்தணும், அவ்ளோதான், ஆனா மிஷின் கம்பெனிக்காரங்க புரோகிராமுக்கு பாஸ்வேர்ட் போட்டு வித்துட்டாங்க, எங்க காசு குடுத்து வாங்குன மிஷின எங்களால தொறக்க முடியல, அவங்க சர்வீஸ் இன்ஜினியர் வர்ற வரைக்கும் ஆளுங்களுக்கு சும்மா சம்பளம்.

கோயமுத்தூர்லயே சிஎன்சி மிஷின், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடற மிஷின், அருமையா செய்யறாங்க, ஆனா உள்ள இருக்கற கண்ட்ரோலர் பெரும்பாலும் ஜப்பான் ஃபானுக், இல்லாட்டி ஜெர்மன் சீமென்ஸ். இரும்பு நம்முளுது, அத ஆட்டிவைக்கற புரோகிராம் அவங்குளுது.

இதுல பெரிய கம்பெனியும் தப்பிக்கலீங்க. 1937ல ஆரம்பிச்ச ஜெர்மன் கார் கம்பெனி ஃபோக்ஸ்வாகன், சாஃப்ட்வேருக்குன்னே கேரியாட்னு தனி கம்பெனி வெச்சும் வேலை இழுத்து புதுக் கார் ரிலீசே தள்ளிப்போச்சு, கடைசில 2024ல, 2009ல பொறந்த அமெரிக்க எலெக்ட்ரிக் கார் கம்பெனி ரிவியன்கிட்ட போயி சாஃப்ட்வேர் கூட்டுக்கு 500 கோடி டாலர் வரைக்கும் போடறோம்னு சொன்னாங்க. கார் செய்யத் தெரியாதவங்களா அவங்க?

நம்ம பக்கம் பசங்களுக்கு அறிவுல ஒண்ணும் கொறச்சல் இல்ல. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் படிச்சதுங்க பெங்களூர் போயி ஜெர்மன் கம்பெனிக்கு கோட் எழுதுதுங்க. அதத் தப்புன்னு சொல்ல மாட்டேன், நான் குடுக்கற சம்பளத்துக்கு என் மகனே இங்க நிக்க மாட்டான் (கேட்டுப் பாத்தாச்சு). மிஷின் வாங்க கொட்டேஷன் நீட்டுனா பேங்க்ல லோன் குடுப்பாங்க, புரோகிராம் தெரிஞ்ச ஆளு வைக்கணும்னு கேட்டா நம்மள ஒரு மாதிரி பாக்கறாங்க.

கஞ்சிக்கோட்டுலயே ஐஐடி இருக்குதுங்க. அவங்களும் பாலிடெக்னிக்கும் சேந்து, சின்ன யூனிட்டுங்க எல்லாம் பொதுவா கூப்பிட்டுக்கற மாதிரி பிஎல்சி, ஸ்காடா (மிஷினுங்கள கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல இருந்து கண்காணிக்கற சாஃப்ட்வேர்) தெரிஞ்ச ஒரு டீம் வெக்கலாம், ஆளுக்கு கொஞ்சம் காசு போட நாங்க ரெடி. கிளாஸ் எடுத்தா தமிழ்லயும் எடுக்கணும், இங்க ஷாப் ஃப்ளோர்ல பாதிப் பேரு தமிழ் மீடியம் படிச்சவங்க. இன்னொண்ணு, சப்ஸிடில மிஷின் வாங்கறவங்களுக்கு புரோகிராம் பேக்கப்பும் பாஸ்வேர்டும் பில்லோட சேத்துத் தரணும்னு கவர்மெண்டு ஒரு கண்டிஷன் போட்டா போதும், விக்கறவன் தானா குடுப்பான். கிளாஸ மட்டும் ஞாயித்துக்கிழமை வெய்யுங்க, மத்த நாள் ஷிஃப்ட் விட்டு ஆள அனுப்ப முடியாதுங்க.

இப்படிக்கு,
ஒரு சிறுதொழில்காரர்,
கொழிஞ்சாம்பாறை